நடிப்பா, எழுத்தா? ஒரு படம் எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் இருக்கும் சினிமா ரசிகர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்ப் படத்தை மார்த்தாண்டத்தில் பார்க்கலாம். மலையாளப் படத்துக்கு பஸ் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி திருவனந்தபுரம் வந்துவிடும். டிசம்பரில் அங்கே நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் இங்கிருந்து ஒரு கூட்டம் போய் வருகிறது. ஒரே கதையை இரண்டு மொழியிலும், இரண்டு வகை நடிப்பிலும் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் ஊர் வாசகசாலையில் அவ்வப்போது ஒரு படம் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. படங்களின் முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

நேரடியாகவே கேட்கிறோம். ஒரு படத்துக்கு நடிப்பு முக்கியமா, எழுத்து முக்கியமா?

எழுத்து. ஆனால் எழுத்து என்று நான் சொல்வது வசனத்தை அல்ல. ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும், அதை அவன் ஏன் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்பதைத் தீர்மானிப்பதுதான் எழுத்து. அந்தச் சொல்ல முடியாததை நடிகர் கண்ணிலும் கழுத்திலும் குரலிலும் கொண்டுவருகிறார். எழுதியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நடிகருக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. எழுதியவர் ஒன்றுமே யோசிக்காமல் விட்டிருந்தால், எவ்வளவு பெரிய நடிகரும் காற்றில் கை வீச வேண்டியதுதான்.

1989-ல் லோகிததாஸ் எழுதி சிபி மலயில் இயக்கிய ‘கிரீடம்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட் கான்ஸ்டபிள் அச்சுதன் நாயருக்கு ஒரே கனவு, மகன் சேதுமாதவன் எஸ்.ஐ. ஆக வேண்டும். அப்பாவை ஒரு ரவுடி அடிப்பதைப் பார்த்து மகன் குறுக்கே பாய்கிறான். அந்த ஒரு சண்டை அவனை ஊர் கண்ணில் ரவுடி ஆக்கிவிடுகிறது. கடைசியில், கத்தியோடு வெறி பிடித்து நிற்கும் மகனிடம் கத்தியைக் கீழே போடச் சொல்கிறார் அப்பா. அந்த இடத்தில் தாளில் இருந்தது மிகக் கொஞ்சம் வார்த்தைகள்தான். திலகன் போலீஸ்காரனின் அதட்டலில் தொடங்குகிறார்; அது அப்பாவின் கெஞ்சலாக உடைகிறது. மோகன்லாலின் முகத்தில் வெறி இறங்கி, ஒரு சின்னப் பையனின் அழுகை ஏறுகிறது. பார்க்கிற நமக்கும் தொண்டை அடைக்கிறது.

இதை நடிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? அந்த அப்பாவின் ஆசையை முதல் காட்சிகளிலிருந்தே லோகிததாஸ் சிறுகச் சிறுகக் கட்டி வைத்திருக்கிறார். அது இல்லாமல் இந்தக் காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் போட்டால், கத்தியோடு ஒருவன், எதிரே அழும் ஒரு கிழவர், அவ்வளவுதான். அதே சமயம், திலகனின் இடத்தில் வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒருவர் நின்றிருந்தால் லோகிததாஸின் உழைப்பு முழுவதும் வீண்.

டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்றாகப் போடுகிறார்களே, எதைப் பார்ப்பது?

கதை என்பது என்ன நடந்தது. திரைக்கதை என்பது அதை எந்த வரிசையில், யார் கண் வழியாக, எவ்வளவு மறைத்து வைத்துக் காட்டுவது. வசனம் கடைசியில் வருவது. ‘வசனம் சூப்பர்’ என்று நாம் பாராட்டும் படங்கள் பலவற்றில் உண்மையில் வேலை செய்வது திரைக்கதை. மலையாளத்தில் திரைக்கதைகள் புத்தகமாக வந்து, அதைச் சாதாரண வாசகர்களும் வாங்கிப் படிக்கும் பழக்கம் உண்டு. எம்.டி. வாசுதேவன் நாயர் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதை நான்கு முறை வாங்கியவர். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் அவருடைய திரைக்கதை ஒன்றைப் படித்துவிட்டு அந்தப் படத்தைப் பாருங்கள். எது தாளில் இருந்தது, எது நடிகர் கொண்டுவந்தது என்று கண்ணுக்கு நேரே பிரிந்து தெரியும்.

மலையாளத்தில் அருமையாக இருந்த கதை தமிழுக்கு வரும்போது ஏன் சில சமயம் சப்பென்று ஆகிவிடுகிறது?

எங்கள் கூட்டத்தில் அதிகம் சண்டை வருவது இந்தக் கேள்விக்குத்தான். ‘மலையாளிகளுக்குத்தான் படம் எடுக்கத் தெரியும்’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘உதிரிப்பூக்கள்’ எடுத்த மொழி நம்முடையது. சிக்கல் மொழியில் இல்லை, யாருடைய கதை என்பதை மாற்றிவிடுவதில் இருக்கிறது.

2007-ல் ஸ்ரீனிவாசன் எழுதி நடித்த ‘கத பறயும்போள்’. கிராமத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பாலன். அந்த ஊருக்கு ஷூட்டிங்குக்கு வருகிறார் சூப்பர் ஸ்டார் அசோக் ராஜ். இருவரும் பழைய நண்பர்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ஊரே பாலனைச் சுற்றி வருகிறது. பாலனோ கூச்சத்தில் அவரைப் பார்க்கப் போவதே இல்லை. ஸ்டாராக வரும் மம்முட்டியைப் படத்தின் பெரும்பகுதியில் நாம் நெருங்கிப் பார்ப்பதில்லை. பாலனைப் போல நாமும் தள்ளித்தான் நிற்கிறோம். அதனால்தான் கடைசியில் பள்ளிக்கூட விழா மேடையில் அந்த ஸ்டார் தன் பழைய நண்பனைப் பற்றிப் பேசும்போது அரங்கமே உருகுகிறது.

அடுத்த ஆண்டே இது தமிழில் ‘குசேலன்’ ஆனது. முடிதிருத்தும் பாலகிருஷ்ணனாக வரும் பசுபதி நல்ல நடிகர்; அவர் ஒன்றும் குறை வைக்கவில்லை. ரஜினிகாந்தும் அந்த மேடைப் பேச்சை மனசாரச் செய்திருக்கிறார். ஆனால் ஸ்டார் பாத்திரத்தை நீட்டிவிட்டார்கள். படப்பிடிப்புக் காட்சிகள், பாட்டு, வடிவேலுவின் தனி நகைச்சுவை எல்லாம் சேர்ந்தன. பாலகிருஷ்ணன் எட்டிப் பார்க்கவும் தயங்கும் ஒருவரை நாம் இடைவேளைக்கு முன்பே பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அப்புறம் எங்கிருந்து ஏக்கம் வரும்? கடைசிக் காட்சி கிட்டத்தட்ட அதேதான், நடிப்பும் நல்ல நடிப்புதான். ஆனால் அதைத் தாங்க வேண்டிய தூரத்தை எழுத்து கலைத்துவிட்டது.

அப்படியென்றால் ‘சந்திரமுகி’ எப்படி ஓடியது?

நியாயமான கேள்வி. 1993-ல் மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரத்தாழ்’ தான் அதற்கு மூலம். அதில் டாக்டர் சன்னியாக வரும் மோகன்லால் வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வருகிறார். அதுவரை வீடு, குடும்பம், பூட்டிய அறை, அந்த வீட்டுக்கு வந்த மருமகள் கங்கா (ஷோபனா), யார் மேல் சந்தேகப்படுவது என்று நமக்குள் ஒரு குழப்பம். 2005-ல் வந்த ‘சந்திரமுகி’யில் ரஜினி முதலிலேயே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். கங்காவின் மனநோய் பற்றிய கதை, ரஜினி நடித்த சரவணனின் சாமர்த்தியம் பற்றிய கதையாகத் திரும்பியது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்டார் முன்னால் வந்தாலும் மர்மம் கெடவில்லை. பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி கடைசிவரை உயிரோடு இருந்தது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியதற்கு ரஜினி மட்டும் காரணம் இல்லை, அந்தக் கேள்வியும் காரணம். என்றாலும் ஒரு பெண்ணின் மனம் உடைவதை மெதுவாகப் பக்கத்திலிருந்து பார்க்கும் அனுபவம் மூலத்தில்தான் இருக்கிறது.

ஷோபனா நாகவல்லியாக மாறும் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது? நடிப்பா, வேறு ஏதாவதா?

‘மணிச்சித்ரத்தாழ்’ நமக்கு வேறு விதத்திலும் நெருக்கம். படத்தின் சில பகுதிகள் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தவை. கங்கா தன்னையே நாகவல்லியாக நினைத்துக்கொள்கிறாள்; அந்த நாகவல்லியோ தஞ்சாவூரிலிருந்து வந்த பழைய காலத்து நடனப் பெண், தமிழ் பேசுபவள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் மெதுவாகப் பாருங்கள். கங்கா வெளியே போகக் கிளம்புகிறாள். கணவன் நகுலன் போக வேண்டாம் என்கிறான். சாதாரணக் கணவன் மனைவிப் பேச்சு. ‘ஏன், போனால் என்ன?’ என்ற தொனியில் முதலில் ஒரு சின்னக் கோபம். அப்புறம் புருவம் ஏறுகிறது, பார்வை ஒரே இடத்தில் நிலைக்கிறது, மலையாளம் நழுவித் தமிழாகிறது: ‘விடமாட்டே?’ கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். கணவன் ஓங்கிக் கத்தியதும் எல்லாம் வடிந்து, என்ன நடந்தது என்று தெரியாத கங்கா நிற்கிறாள்.

இதில் எத்தனை பேர் வேலை செய்திருக்கிறார்கள் பாருங்கள். மொழி மாறும் இடத்தைக் குறித்தது எழுத்து. கங்கா பேசுவதற்குப் பாக்கியலட்சுமியின் குரல்; நாகவல்லிக்குத் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞரின் குரல். அந்த இரண்டு குரலையும் ஒரே உடம்பில் நம்பவைத்தது ஷோபனா. தேசிய விருது அவருக்குக் கிடைத்தது முற்றிலும் தகும். ஆனால் குரல் கொடுத்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நம் இரண்டு மொழி சினிமாவிலும் நடிப்பின் பாதி டப்பிங் அறையில்தான் முடிகிறது. அதனால்தான் முடிந்தவரை மூல மொழியிலேயே பாருங்கள் என்கிறேன். வேறு மொழிக்கு டப் செய்யும்போது உதட்டசைவுக்காக வார்த்தைகளைத் திணிக்கிறார்கள், நடிகர் விட்டுவைத்த மௌனத்தில் கூட யாராவது ‘ம்… சரி சரி’ என்று பேசிவிடுகிறார்கள்.

ஒரே திரைக்கதை, ஒரே இயக்குநர், நடிகர் மட்டும் வேறு. அப்போது என்ன ஆகும்?

‘த்ரிஷ்யம்’ (2013), ‘பாபநாசம்’ (2015) இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தன் குடும்பத்தின் கையால் எதிர்பாராமல் இறந்துபோன ஒரு பையனின் சாவைப் போலீஸிடமிருந்து மறைக்கும் தகப்பனின் கதை. இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். காட்சிகள் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பொருந்தும். அந்தப் பையனின் அம்மாவான போலீஸ் அதிகாரியாக இரண்டிலும் ஆஷா சரத்தே நடித்திருக்கிறார். ஆக, நடிப்பு என்ன மாற்றுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

கடைசியில், இறந்துபோன பையனின் பெற்றோரை அந்தக் குடும்பத் தலைவன் சந்திக்கும் காட்சி. மோகன்லால் கிட்டத்தட்ட எதையும் வெளியே விடுவதில்லை. குரல் தாழ்ந்து, பார்வை விலகி, ஒப்புக்கொண்டானா இல்லையா என்று பிடி கிடைக்காதபடி பேசுகிறார். கமல்ஹாசனோ உடைகிறார், கண்ணீர் வருகிறது, பேச்சு தடுமாறுகிறது. படம் முழுக்க மறைத்தே பிழைத்த ஒருவன் அந்த இடத்திலும் மறைப்பான் என்பதால் எனக்கு மோகன்லால் செய்ததுதான் சரியாகப் படுகிறது. எங்கள் கூட்டத்தில் பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் கமல் பக்கம் நிற்கிறார்கள். ‘அந்த அம்மாவைப் பார்த்த பிறகும் ஒருத்தன் அழாமல் இருப்பானா?’ என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் பலம் இருக்கிறது. இரண்டையும் தாங்குகிற அளவுக்கு அந்தத் திரைக்கதை உறுதியானது.

சிவாஜி செய்தது ஓவர் ஆக்டிங் என்கிறார்கள் இளையவர்கள். ஒத்துக்கொள்ளலாமா?

முடியாது. நடிப்பின் அளவைத் தீர்மானிப்பதில் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1952-ல் ‘பராசக்தி’யில் கருணாநிதி எழுதிய நீதிமன்ற வசனத்தை இன்றைய முணுமுணுப்பு நடிப்பில் சொல்லிப் பாருங்கள், வாக்கியம் பாதியில் செத்துவிடும். அந்த எழுத்து மேடைக்குரல் கேட்டது, சிவாஜி கொடுத்தார். அதே சிவாஜி 1985-ல் ‘முதல் மரியாதை’யில் எப்படி இருக்கிறார்? ஆர். செல்வராஜின் எழுத்தும் பாரதிராஜாவின் இயக்கமும் வேறு ஆளைக் கேட்டன. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பேச வேண்டிய இடத்தில் ஒரு செருமலோடு நிறுத்திக்கொள்ளும் ஊர்ப் பெரியவர் வந்து நின்றார்.

எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். 1974-ல் சிவாஜிக்காக ‘தங்கப்பதக்கம்’ எழுதிய மகேந்திரன்தான் 1979-ல் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வைத்துக்கொண்டு, அடங்கிய குரலில் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். விஜயன் அதில் கொடுமைக்காரனாக வருகிறார், ஆனால் குரலை உயர்த்துவது அபூர்வம். ஊரே சேர்ந்து அவனை ஆற்றுக்கு நடத்திப் போகும் கடைசிக் காட்சியில், உங்களையெல்லாம் என்னைப் போல மாற்றிவிட்டேனே என்று ஊராரிடம் சொல்வான். அதுவரை வெறுத்த ஒருவனுக்காக நெஞ்சு கனக்கிறது.

ஓவர் ஆக்டிங் என்று நான் சொல்வது வேறு. எழுத்து கேட்காததைக் கொடுப்பது.

முகத்தில் ஒன்றுமே காட்டாமல் நிற்பதும் நடிப்புதானா?

சில சமயம். சோவியத் நாட்டில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்த சோதனை சினிமாப் பாடங்களில் எல்லாம் வரும். ஒரு நடிகரின் சலனமற்ற முகம். அதற்குப் பக்கத்தில் ஒருமுறை சூப் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண். பார்த்தவர்கள் முறையே பசி, துக்கம், ஆசை என்று அந்த ஒரே முகத்தில் கண்டார்கள். ஆகவே அமைதியாக நிற்கும் நடிகருக்கு நாம் கொடுக்கும் பாராட்டில் எடிட்டருக்கும் பங்கு உண்டு.

ஆனால் முகத்தோடு நடிப்பு முடிவதில்லை. ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ பார்த்திருப்பீர்கள். எஸ். ஹரீஷ் எழுத, லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது. 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாள நாடகக் குழுவின் தலைவர் ஜேம்ஸ், தமிழ்ப் பாட்டையும் சாப்பாட்டையும் குறை சொல்லிக்கொண்டே வருபவர். மத்தியானத் தூக்கத்திலிருந்து விழித்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஏதோ ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் தன் வீட்டுக்குப் போவதுபோல நடந்து போகிறார். காணாமல்போன சுந்தரம் என்பவனாகவே மாறிவிடுகிறார். மம்முட்டி அதில் மேக்கப்பை நம்பவில்லை. தோள் இறங்குகிறது, நடை தளர்கிறது, ஊர்க்காரர்களோடு பேசும் உரிமை குரலில் வந்துவிடுகிறது. ஏன் இப்படி ஆனது என்று எழுத்து கடைசிவரை விளக்கவில்லை. விளக்கியிருந்தால் இந்த நடிப்புக்கு இடமே இருந்திருக்காது.

நம்ம ஊர்ப் பேச்சை சினிமாவில் ஏன் ஒழுங்காகக் கேட்க முடிவதில்லை?

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மனிதர்கள் தமிழ் சினிமாவில் வந்தால் பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் வருகிறார்கள். அதுவும் தமிழைக் கடித்துத் துப்பும் டீக்கடைக்காரராக. ‘அவன் நல்லவனாக்கும்’ என்று இழுத்தால் ஊர்ப் பேச்சு ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பேச்சில் கோபப்படவும், பெண் கேட்கவும், சொத்துச் சண்டை போடவும், சாவு வீட்டில் ஆறுதல் சொல்லவும் ஆள் உண்டு என்பது எழுதுபவருக்குத் தெரிந்தால்தான் நடிகருக்குப் போய்ச் சேரும்.

தெரிந்தவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகனின் வேலையைப் பார்க்கலாம். ‘பாபநாச’த்தின் தமிழ் வசனம் அவருடையது, கமலின் நெல்லைப் பேச்சுக்கு அதுதான் அடித்தளம். அதைவிட நமக்கு நெருக்கமானது 2012-ல் அவர் எழுதி மதுபால் இயக்கிய மலையாளப் படம் ‘ஒழிமுறி’. பழைய தென் திருவிதாங்கூர், அதாவது நம் இடம். மருமக்கத்தாயம் (தாய்வழியில் சொத்து போகும் முறை) போய் மக்கத்தாயம் (தகப்பன்வழி முறை) வந்த காலத்தின் காயங்கள் ஒரு குடும்பத்துக்குள். வயதான பிறகு கணவனிடமிருந்து விவாகரத்து கேட்கிறாள் மனைவி. கணவன் தாணுப் பிள்ளையாக லால். கொடுமைக்காரர் போலத் தெரியும் அந்த மனிதருக்குள், ஆண்களை அதட்டி ஆண்ட ஒரு தாயைப் பார்த்து வளர்ந்த பயம் இருக்கிறது என்று படம் மெல்ல மெல்லக் காட்டும். லாலுக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. எங்கள் கூட்டத்தில் இதைப் போட்டபோது வயதானவர்கள் யாரும் உடனே எழுந்து போகவில்லை. தங்கள் தாத்தாக்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

நடிக்கவே தெரியாதவர்களை வைத்து நல்ல படம் எடுக்க முடியுமா?

முடியும். ‘காக்கா முட்டை’ பையன்கள் இருவரும் தேசிய விருது வாங்கினார்கள். ஆனால் அப்படிப்பட்ட படங்களில் எழுத்து இரட்டிப்புக் கவனம் கேட்கும். அவர்கள் வாழ்க்கையில் செய்யாததைச் செய்யச் சொல்லக் கூடாது.

படம் பிடிக்கவில்லை. குறை எழுத்திலா நடிப்பிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் செய்வதைச் சொல்கிறேன். பிடிக்காத காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். யாருக்கு யார் மேல் என்ன என்பது ஓரளவு புரிந்தால் நடிகர்கள் வேலை செய்கிறார்கள், வசனம்தான் கெடுக்கிறது. அடுத்து, காட்சியில் ஒருவர் மற்றவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைச் சொல்கிறாரா என்று கவனிக்கிறேன். ‘உனக்குத் தெரியுமே, நம்ம அப்பா இறந்து பத்து வருஷம் ஆச்சு’ என்று அண்ணன் தம்பியிடம் சொன்னால், அது தம்பிக்கு அல்ல, நமக்குச் சொல்வது. அதை எந்த நடிகராலும் உண்மையாகச் சொல்ல முடியாது. கடைசியாக, எதிரே நின்று கேட்டுக்கொண்டிருப்பவரைப் பார்க்கிறேன். தன் முறை வருவதற்காக மட்டும் காத்து நிற்கிறார் என்றால் குறை நடிப்பில், அல்லது அவரை அப்படி நிற்கவிட்ட இயக்குநரிடம்.

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். கேமரா இருக்கிறது, நடிக்க ஆளும் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

கேமராவை ஒரு மாதம் உள்ளே வையுங்கள் மக்களே. ஒரே ஒரு காட்சி எழுதுங்கள்: இரண்டு பேர், ஒரு அறை, ஒருவருக்கு மற்றவரிடம் ஏதோ வேண்டும், அதைக் கேட்க முடியவில்லை. கடன் கேட்க வந்த மாமா, பரீட்சையில் தோற்றதைச் சொல்ல வந்த தங்கச்சி, எதுவாகவும் இருக்கட்டும். எழுதி முடித்ததும், அந்த வேண்டியதை நேரடியாகச் சொல்லும் வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதை நடிப்பவர்களிடம் கொடுத்து, சாயா குடித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பேசச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் முகம் தானாகச் சும்மா இருக்கும். கேட்பவருக்கு விஷயம் புரிகிறதா என்று, கதை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் அடித்த வரிகளில் ஒன்றை மட்டும் திரும்பச் சேர்த்து, மறுபடி நடித்துப் பாருங்கள்.